முதல் போத்தில்

“நீங்கள் ஏதும் கலந்தனீங்களோ?”

லோஜினி தன் கணவனிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். றொஷான் எழும்பினான். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் படியிறங்கிப் போய்விட்டான். அது போன வெள்ளிக்கிழமை. இன்றைக்கும் வெள்ளி. இந்த ஒரு கிழமையும் லண்டனின் பார்க்கிங் பகுதியில், தான் எண்ணெய் அடைக்கிற வாடகை அறையிலேயே படுத்து எழும்புகிறான். “சாப்பிட்டீங்களோ?” என்று செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். வேறொன்றும் வராது.

ரோசத்தில் போனவனும் வாய் திறக்கமாட்டான். பிடிபட்டுப் போனவனும் வாய் திறக்கமாட்டான். தன் ஆள் இதில் எந்த ரகம் என்று தெரியாமல் லோஜினிக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை.

றொஷான் விற்பது சிபிடி எண்ணெய். கஞ்சா இனத்துச் செடியிலிருந்து எடுப்பது. ஆனால் வெறி ஏறாது. மூட்டு நோவுக்கு, நித்திரைக்கு என்று சொல்லிக்கொண்டு சனம் நாக்குக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விடும். லண்டன் கடைகளில் வைட்டமின் குளிசைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். அவன் அதைப் பெரிய பிளாஸ்டிக் கானில் மொத்தமாக வாங்கி, சின்னப் போத்தில்களில் அடைத்து, ‘நிலா’ என்று லேபல் ஒட்டி விற்கிறான். இதற்காக நல்ல ஐடி வேலையை விட்டவன்.

அதை முதலில் வாங்கி வைத்தது லோஜினியின் அப்பா குகதாசன். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். “கஞ்சா எண்ணெய் விக்கிறவனுக்கே பிள்ளையைக் குடுத்தனான்” என்று புறுபுறுத்தபடிதான் வைத்தார். விற்கத் தொடங்கியதும் புறுபுறுப்பு குறைந்தது.

பிறகு ரங்கராஜன் வந்தார். தோர்ண்டன் ஹீத் பக்கம் மூன்று மருந்துக்கடை வைத்திருக்கும் மதுரைக்காரர். ‘நிலா’வைத் தன் கடைகளில் வைக்க அவருக்கு விருப்பம். ஆனால் தயாரிப்பவர் நீட்டுகிற சான்றிதழை அவர் நம்புவதில்லை. கடைத் தட்டில் விற்பனைக்கு இருக்கிற ஒரு போத்திலை எடுத்து, கடைக்காரரே நேரே லேபுக்கு அனுப்பவேண்டும் என்றார். குகதாசன் அனுப்பினார்.

முடிவு வந்தது. லேபலில் சிபிடி ஆயிரம் மில்லிகிராம். உள்ளே ஐந்நூற்றி எண்பத்தைந்து.

குகதாசன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மருமகனைக் கடைக்குக் கூப்பிட்டு, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற சனத்துக்கு முன்னால் “கள்ளன்” என்றார். அதோடு நின்றாரா? லேப் முடிவைப் படமெடுத்து, ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். ‘என்ட மருமோன் எண்டு பாக்காதேங்கோ. எல்லாரும் கவனம்.’

அன்றிரவுதான் லோஜினி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

*

கவுன்சிலில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை அவளுக்கு. அரைநாள் லீவு போட்டுவிட்டு ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கும்போது ரங்கராஜன் போனில் வந்தார்.

“உங்க வீட்டுக்காரர் என் போனை எடுக்கிறதே இல்ல, மேடம்.”

“என்ட போனையும் எடுக்கிறேல்லை.”

“நான் தப்பா சொல்லல. மனுஷன் நல்லவர்தான். ஆனா என் ஷெல்ஃப்ல பாதிச் சரக்கை வச்சு முழுசுன்னு விக்க முடியாது. எனக்கு லைசென்ஸ் இருக்கு. இன்னைக்குக் கடை மூடுறதுக்குள்ள ஏதாவது விளக்கம் குடுத்தா பாக்கலாம். இல்லைன்னா வேற கம்பெனிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“விளக்கம் இல்லாட்டி?”

“இல்லைன்னா நீங்க எனக்கு விளக்கவே வேண்டாம். என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே புரிஞ்சிடுமே.”

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள். மூன்று கடைகளும் கைவிட்டுப் போனால் றொஷானின் தொழில் போகும். போகட்டும். ஐடி வேலை தெரிந்தவன், திரும்பவும் அதற்குப் போவான். ஆனால் கள்ளன் என்ற பெயர் போகாது. இந்தத் தெருவில் நாற்பது தமிழ்க் கடை. நாற்பதிலும் இந்தக் கிழமை அதுதான் கதை. அதைவிட மோசம், அவளுக்கே அந்தக் கதையை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

*

கடையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். குகதாசன் கல்லாவில் நின்றார். அவர் தலைக்கு மேலே சாமித் தட்டு: பிள்ளையார், முருகன், லட்சுமி, சின்னச் சிவப்பு பல்பு, எண்ணெய் விளக்கு. ஒரு ஸ்டூலில் ஏறி நின்று அம்மா கலாவதி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கடைக்கு வருவது வெள்ளிகளில் மட்டும், இந்த ஒரு வேலைக்காக.

“வா பிள்ளை,” என்றார் அப்பா. “சாப்பிட்டனியோ?”

“அப்பா, உங்களோட கதைக்க வேணும்.”

“அவன் அனுப்பினவனோ?”

“அவர் என்னோடயே கதைக்கிறேல்லை. நீங்கள் செய்த வேலைக்கு.”

“நான் என்ன செய்தனான்? லேப் சொன்னதைச் சொன்னனான். வெள்ளைக்காரன் மெசின் வைச்சுப் பாத்துச் சொல்லியிருக்கிறான். எனக்கு உந்த எண்ணெயைப் பற்றி என்ன தெரியும்?” வரிசையில் நின்ற பெண்ணிடம் கருவேப்பிலைக் கட்டை நீட்டினார். “கஞ்சா எண்ணெயாவது ஒழுங்காத் தருவான் எண்டு பாத்தன். அதிலயும் பாதி.”

கருவேப்பிலை வாங்கிய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். லோஜினிக்குக் காது சுட்டது.

“ஒருக்கா எண்டாலும் அவரிட்டத் தனியக் கேட்டிருக்கலாம்.”

“நீ தனியத்தானே கேட்டனி. என்ன சொன்னவன்?”

அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மேலே பார்த்தாள்.

சாமித் தட்டில், லட்சுமி படத்துக்கு முன்னால், ‘நிலா’ போத்தில் ஒன்று நின்றது. மூடியில் குங்குமம்.

அது புதினமில்லை. கடைக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதல் உருப்படி சாமிக்கு. முதல் போன் கார்ட், முதல் குரக்கன் மாப் பக்கட், எல்லாம் அங்கே ஏறிச் சந்தனம் குங்குமம் வாங்கியவைதான். ‘நிலா’வின் முதல் போத்திலும் அப்படித்தான் ஏறியது. லோஜினிக்கு அது நல்ல ஞாபகம். அந்த லேபலை ஒட்டியது அவள். நிலாப் படம் ஒரு பக்கம் சரிந்துபோக, றொஷான் விழுந்து விழுந்து சிரித்தான். “இது சாமிக்கு. சாமி ஒண்டும் சொல்லாது” என்றான்.

தட்டில் நின்ற போத்திலில் நிலா நேராக இருந்தது.

“அம்மா, பழைய போத்தில் எங்க?”

கலாவதி துடைப்பதை நிறுத்தவில்லை. “எந்தப் போத்தில்?”

“சாமிக்கு வைச்ச முதல் போத்தில். நான் கோணலா ஒட்டினது. இது வேற.”

“அப்பாட்டக் கேள்.”

குகதாசன் கல்லா மேசையை ஒருமுறை தடவினார். “அதைத்தான் லேபுக்கு அனுப்பினனான்.”

“என்ன?”

“ஏன், அதுவும் எண்ணெய்தானே? தட்டில இருந்துதான் எடுக்கச் சொன்னவர். நானும் தட்டில இருந்துதான் எடுத்தனான்.”

“விக்கிற தட்டில இருந்து அப்பா. சாமித் தட்டில இருந்தில்லை.”

“விக்கிற போத்திலை என்னத்துக்கு வீணாக்கிறது? அது சும்மா நிண்டது. அந்த இடத்துக்கு வேற ஒண்டு வைச்சனான், சாமிக்கு வைக்கிறது வீணில்லை. குங்குமத்தை வடிவாத் துடைச்சுப்போட்டுத்தான் அனுப்பினனான்.”

“மூடியில பிளாஸ்டிக் சீல் இருந்ததோ?”

“பிளாஸ்டிக் சுத்தின சாமானை ஆரும் சாமிக்கு வைக்கிறதோ? அது வைக்கிற அண்டைக்கே உரிச்சது.”

“அப்ப ஒரு வருசமாத் திறந்த போத்தில்.”

“திறந்ததெண்டு ஆர் சொன்னது? மூடி இறுக்கித்தான் கிடந்தது. சாமிக்கு வைச்சதை ஆர் தொடப் போகினம்?”

துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நின்றதை லோஜினி பார்த்தாள்.

“அம்மா, இறங்குங்கோ.”

*

பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஃப்ரீசர் இரைச்சலில், கலாவதி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

“எனக்கு முழங்கால் நோ உனக்குத் தெரியும்தானே.”

“அதுக்கு?”

“மருமோன் நல்லதெண்டு சொன்னவர். ஒவ்வொரு வெள்ளியும் வந்து பூவைக்கேக்க நாலு சொட்டு.”

“கடையில பெட்டி பெட்டியாக் கிடக்கே, அம்மா. ஒண்டை எடுத்திருக்கலாமே.”

“கடையில எடுத்தால் அப்பா கேப்பார். சாமியிட்ட எடுத்தால் பிரசாதம்.”

லோஜினிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. “சரி. குடிச்சனீங்கள். குடிச்சால் போத்தில் குறையும். அளவு ஏன் குறையுது?”

கலாவதி பக்கத்து அரிசி மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

“அம்மா.”

“சாமிக்கு முன்னால குறைஞ்ச போத்தில் நிக்கிறது சரியில்லை, பிள்ளை. கடைக்கும் கூடாது. பக்கத்தில விளக்குக்கு நல்லெண்ணெய் நிண்டது. நிரப்பி விட்டன்.”

ஃப்ரீசர் இரைந்துகொண்டிருந்தது. முன்பக்கம் அப்பா யாருக்கோ முருங்கைக்காய் விலை சொல்வது கேட்டது.

ஒரு கிழமை. ஒரு கிழமையாக அந்த மனிதன் சீமெந்துத் தரையில் படுத்துக் கிடக்கிறான். நாற்பது கடையில் அவன் பெயர் நாறிக் கிடக்கிறது. ஒரு போத்தில் விற்காமல் போய்விடுமே என்று அப்பா. போத்தில் குறைந்து நிற்கிறதே என்று அம்மா. கெட்ட எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டு முடித்திருக்கலாம்.

“எத்தினை தரம் நிரப்பினனீங்கள்?”

“ஒருக்காத்தான், சத்தியமா. பேந்து டொக்டர் பூசுறதுக்கு ஏதோ தந்தவர். உதை நான் விட்டிட்டன்.”

லோஜினி பெட்டியிலிருந்து புதுப் போத்தில் ஒன்றை எடுத்தாள். “நிரப்பேக்க எவ்வளவு குறைஞ்சு கிடந்தது? காட்டுங்கோ.”

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, விரலை வைத்தாள். கறிக்கு உப்பைக் கண்ணால் அளந்து பழகிய விரல். அது தடுமாறவில்லை. “இவ்வளவு. கால்வாசி.”

“அரைவாசி இல்லையே?”

“நான் என்ன குடிகாரியே? கால்வாசி.”

கால்வாசி குறைந்து, அந்த இடத்தில் நல்லெண்ணெய் போயிருந்தால் மிச்சம் எழுநூற்றைம்பது இருக்கவேண்டும். லேப் சொன்னது ஐந்நூற்றி எண்பத்தைந்து. சம்பளக் கணக்கில் இப்படி ஓர் இடைவெளி வந்தால் லோஜினி வீட்டுக்குப் போகமாட்டாள். ஆனால் இது அம்மாவின் விரல். எத்தனையோ மாதத்துக்கு முந்திய கண்ணளவு. அரைவாசியே குறைந்திருக்கும், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கும். அவள் கணக்கை அந்த இடத்தில் விட்டாள். விட விருப்பமாக இருந்தது.

*

“இதை அந்தக் குழுவில போடுங்கோ, அப்பா. இப்ப.”

குகதாசன் கேட்டு முடித்துவிட்டு, கல்லாவை ஒருமுறை திறந்து மூடினார். “என்னெண்டு போடுறது? என்ட மனிசி சாமிப் போத்திலைக் களவாக் குடிச்சுப்போட்டு விளக்குக்கு வைச்ச எண்ணெயை விட்டவ எண்டோ?”

“ஓம். அப்பிடியே.”

“சனம் சிரிக்கும்.”

“அவரைக் கள்ளன் எண்டேக்க சனம் சிரிக்கேல்லையோ?”

“அது வேற. ஆறுதலாப் பாப்பம். அவனைக் கூட்டிக்கொண்டு வா. வீட்டில வைச்சுக் கதைச்சு முடிப்பம்.”

“தெருவில சொன்னதை வீட்டில முடிக்கப் போறீங்களோ?”

“பிள்ளை, உந்தக் குழுவில இருக்கிறவங்கள் ஒருத்தனும் யோக்கியன் இல்லை. ஒரு வருசத்துக்கு இதைச் சொல்லிச் சிரிப்பாங்கள்.” குரல் இறங்கியது. “அம்மாவைப் பற்றி.”

அவளுக்கு முப்பது வருசமாக இந்த மனிதனோடு இப்படித்தான். கதவு திறந்தே கிடக்கும், உள்ளே போக முடியாது.

அப்போது கலாவதி வந்து, கல்லா மேசையிலிருந்த குகதாசனின் போனை எடுத்தாள்.

“கலா, உதை வையும்.”

“இஞ்சாருங்கோ, நீங்கள் கடலையைப் போடுங்கோ. அந்த ஐயா எவ்வளவு நேரமா நிக்கிறார்.” மகளிடம் திரும்பினாள். “எந்த இடத்தை அமத்தோணும்?”

லோஜினி வாட்ஸப் குழுவைத் திறந்து, குரல் பதிகிற பொத்தானைக் காட்டினாள்.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்றாள் அம்மா, கோயில் ஒலிபெருக்கியில் கதைப்பவளைப் போல. “நான் குகதாசன்ட மனிசி கலாவதி. லேபுக்குப் போனது விக்கிற போத்தில் இல்லை. சாமிக்கு வைச்ச போத்தில். அதில நான் எடுத்துக் குடிச்சுப்போட்டு நல்லெண்ணெய் விட்டு நிரப்பினனான். பிழை என்ட. மருமோன்ட எண்ணெயில ஒரு பிழையும் இல்லை. அவரைப் பற்றிக் கதைச்ச ஆக்கள் நிப்பாட்டுங்கோ. நன்றி.”

விரலை எடுத்தாள். போய்விட்டது.

குகதாசன் கடலையை நிறுத்துக்கொண்டே இருந்தார். தராசு எப்போதோ சரியாகிவிட்டது. அவர் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

உடனே குழு கலகலக்கத் தொடங்கியது. சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. “அக்கா, அப்ப விளக்குக்கு நிலா எண்ணெயோ?” என்றான் நகைக்கடை நவநீத். பிறகு ஒருவர் எழுதினார்: ‘றொஷான் தம்பியிட்ட ஒருக்கா மன்னிப்புக் கேக்கவேணும்.’ அதற்குக் கீழே ஒவ்வொன்றாகக் கட்டைவிரல்கள்.

லோஜினி அம்மாவின் குரலை ரங்கராஜனுக்கும் அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். சிரிப்பை அடக்கியது குரலில் தெரிந்தது.

“எங்க அம்மாவும் இதேதான் பண்ணியிருப்பாங்க. சரி, ஷெல்ஃப்ல இடம் உங்களுக்குத்தான். இன்னொரு பாட்டில் லேபுக்குப் போகட்டும். சீலோட. இந்தத் தடவை நீங்களே எடுத்து அனுப்புங்க, மேடம். உங்களை நான் நம்புறேன்.”

*

றொஷான் போன் எடுத்தது அவளுடைய மூன்றாவது முயற்சியில். அவள் கடைக்கு வெளியே, மரவள்ளிக் கிழங்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா கதைச்சதைக் கேட்டனீங்களோ?”

“கேட்டன்.”

“ரங்கராஜன் ஓம் எண்டிட்டார். வீட்டுக்கு வாங்கோ. நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது.”

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். பிறகு அதை நிறுத்துகிற சத்தம்.

“லோஜி, அம்மா போட்டதை அழிக்க ஏலுமோ?”

“ஏன்? எல்லாரும் கேட்டிட்டினம்.”

“முதல் கானில, அந்தச் சாமிப் போத்திலோட அடைச்சதில ஒரு போத்தில் எடுத்து வைச்சிருந்தனான். சீல் உடைக்காதது. அப்பா கத்தின அண்டைக்கு அதை நான் வேறொரு லேபுக்கு அனுப்பினனான். இண்டைக்கு மத்தியானம் வந்தது.”

அவனே சொன்னான்.

“எழுநூற்றி எண்பது.”

ஒரு பஸ் வந்து நின்று, மூச்சு விட்டு, போனது.

“நான் ஒண்டும் கலக்கேல்லை,” என்றான். “கானில வந்ததை வந்தபடி ஊத்தினனான். வித்தவங்கள் தந்த சேர்டிபிக்கட்டைப் பாத்து லேபல் அடிச்சனான். ஒருநாளும் அளந்து பாக்கேல்லை. நீ கேட்டண்டைக்கு எனக்கே பதில் தெரியேல்லை. அதுதான் வெளிக்கிட்டுப் போனனான்.”

எழுநூற்றி எண்பதில் கால்வாசி நூற்றித் தொண்ணூற்றைந்து. கழித்தால் ஐந்நூற்றி எண்பத்தைந்து.

அம்மாவின் விரல் பொய் சொல்லவில்லை. கணக்கு ஒரு மில்லிகிராம் பிசகாமல் வந்து நின்றது.

“மற்றக் கான்கள்?” என்று கேட்டாள். தன் குரல் அலுவலகத்துக் குரலாக இருப்பது அவளுக்கே கேட்டது.

“தெரியாது. அனுப்பப் பயமாக் கிடக்கு.”

கடைக் கதவு திறந்தது. அப்பா வெளியே வந்தார். கையில் ‘நிலா’ போத்தில் ஒன்று, சீலோடு. அதைத் தன் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். இவ்வளவு பணிவாக அவர் எதையும் யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

“இந்தா பிள்ளை. சாமிப் போத்திலோட வந்த முதல் பெட்டியில மிஞ்சின கடைசிப் போத்தில். நான் தொடேல்லை, அம்மாவும் தொடேல்லை. இதை அனுப்பு.” லேபலை அவள் பக்கம் திருப்பினார். “இதில ஆயிரம் இருக்கும். அவன்ட கையால அடைச்சது.”

போன் இன்னும் அவள் காதில் இருந்தது. றொஷானும் கேட்டிருப்பான்.

அவள் போத்திலை வாங்கினாள்.